முதல்ல தண்ணி காட்டுங்க, அப்புறம் கூடாரம் அடிக்கலாம்

குதிரையில் ஊர் சுற்றி, ராத்திரி வெட்டவெளியில் கூடாரம் போட்டுத் தங்கணும்னு ஆசைப்படுகிறவர்கள் நம்ம பக்கமும் கிளம்பிட்டாங்க. சென்னையிலும் பெங்களூரிலும் வாரக்கடைசியில் குதிரையேற்றம் கத்துக்கிற கூட்டம் இது. மைதானத்துக்குள்ளேயே எத்தனை நாள்தான் வட்டமடிக்கிறது? "திருவண்ணாமலை பக்கம் மலை இருக்கு, காடு இருக்கு, ஏரி இருக்கு. அங்க ஒரு ரெண்டு மூணு நாள் போலாமே" என்று தோணுவது இயற்கைதான். ஆசையில் தப்பே இல்லை மக்களே. ஆனா திட்டம் போடுகிற விதத்தில்தான் எனக்கு ஒரு பெரிய மனஸ்தாபம்.

உதாரணத்துக்கு, அப்படி ஒரு நண்பர் எனக்கு அனுப்பிய பட்டியலைச் சொல்றேன். டென்ட், ஸ்லீப்பிங் பேக், ஹெட்லைட், பார்பெக்யூ அடுப்பு, பவர் பேங்க், ட்ரோன் கேமரா, கொசுவத்தி வரைக்கும் இருந்தது. கடைசியில் ஒரு வரி: "குதிரை - 4 (வாடகை)". அவ்வளவுதான். நாலு உயிரும் கொசுவத்திக்குக் கீழே ஒரு சாமானாக உட்கார்ந்திருந்தது. என் கருத்து ரொம்ப சிம்பிள். குதிரையோடு தங்கப் போகிறவன் பட்டியலை மேலேயிருந்து கீழே போடாம கீழேயிருந்து மேலே போடணும். குதிரைக்கு எது தேவையோ அதை முதலில் முடிச்சிட்டு, மிச்சம் இருக்கிற இடத்துல நாம படுத்துக்கணும். அப்படி முடியலைன்னா நடந்தே போகலாம், கால் இருக்கு.

வெளிநாட்டு வீடியோ பார்த்துத்தான் பாதி பேருக்கு இந்த ஆசையே வந்திருக்கு. சரி, அங்கே எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். கலிபோர்னியாவில் ஈஸ்ட் பே ரீஜனல் பார்க் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு அமைப்பு 1934ல் தொடங்கியது. ஊரை ஒட்டின மலை, காடு, ஏரிக்கரையெல்லாம் மக்கள் புழங்குவதற்காகப் பராமரிக்கிறார்கள். அந்த நாட்டில் இந்த மாதிரிப் பூங்காக்கள் சிலவற்றில் குதிரையோடு தங்க வருகிறவர்களுக்கென்றே தனி இடம் உண்டு. குதிரையை விட அடைப்பு இருக்கும், தண்ணீர்த்தொட்டி இருக்கும், வண்டி நிறுத்த இடம் இருக்கும். முன்கூட்டியே பதிவு பண்ணணும். சாணியை நீங்களேதான் அள்ளணும். பல பொது நிலங்களில் களைவிதை கலக்காத வைக்கோல்தான்னு சான்று கேட்பாங்க. ஏன்னா குதிரை தின்னது பாதி விதையாகவே வெளியே வந்து காட்டுல முளைச்சிடும். ஓடைக்கும் குளத்துக்கும் 200 அடி தள்ளித்தான் குதிரையைக் கட்டணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. இங்கிலாந்தில் சவுத் டவுன்ஸ் வே என்கிற 160 கிலோமீட்டர் பாதை முழுக்கக் குதிரை போக சட்டப்படி உரிமையே இருக்கு.

வீடியோவில் இதெல்லாம் வராது. சூரிய அஸ்தமனம் மட்டும்தான் வரும் :-)

நம்ம ஊரில் அப்படி ஒரு இடமும் கிடையாது, அப்படி ஒரு உரிமையும் கிடையாது. ஆனா குதிரையோடு வெட்டவெளியில் ராத்திரி தங்குகிற மனுஷங்க இருக்காங்க. அதுவும் நேத்து இன்னிக்கு இல்லை, தலைமுறை தலைமுறையாக. அதைத்தான் யாரும் கண்டுக்கிறதில்லை.

கார்த்திகை தீபம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலை உச்சியில் எரிகிற ஜோதி. எட்டாம் நாள் சுவாமியே குதிரை வாகனத்தில் வருவார், அதுவும் தெரிந்திருக்கும். அதே நாட்களில் ஊருக்கு வெளிப்புறமாகக் கூடுகிற மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் அவ்வளவாகத் தெரியாது. பல மாவட்டங்களிலிருந்து லாரியிலும் மினி வேனிலும் குதிரைகள் வந்து இறங்கும். நாலு நாள், அஞ்சு நாள். விற்கிறவரைக்கும், அல்லது விற்காதுன்னு தெரியிறவரைக்கும். இதே மாதிரி ஆடி மாசத்துல ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடுகிற சந்தை இன்னும் பிரபலம். கத்தியவார், மார்வாரி என்று வடக்கத்திக் குதிரையெல்லாம் அங்கே பார்க்கலாம்.

இந்தச் சந்தைக்கு வருகிறவங்க எங்கே தங்கறாங்க? லாட்ஜிலா? தீப நேரத்துல திருவண்ணாமலை லாட்ஜ் வாடகை தெரிந்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாங்க. குதிரைக்குப் பக்கத்திலேயே ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதுக்கடியில்தான் சமையல், படுக்கை எல்லாம். ஒரு தீப சமயம் அப்படித் தங்கியிருந்த பெரியவர் ஒருத்தரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆரணி பக்கம்.

"சாப்டீங்களாய்யா?"

"நாம எப்ப வேணா துன்னுக்கலாம் சார். அதுக்கு மொதல்ல தண்ணி காட்டணும். தண்ணி எங்க கீதுன்னு பாத்துட்டுதான் வண்டியிலேர்ந்தே எறக்குவேன்."

"ராத்திரியில தூங்குவீங்களா?"

"அது நின்னுகினே தூங்கும். நான் குந்திகினே தூங்குவேன். கயித்துல கால் மாட்டிகினா அவ்ளோதான் சார், கால் போனா குதிரை போச்சு."

குதிரையோடு கேம்பிங் போவது எப்படின்னு ஒரு புத்தகம் எழுதினால் அதோட முதல் அத்தியாயம் இதுதான். தண்ணி எங்கே, கயிறு எப்படி, ராத்திரி முழிச்சிருக்கப் போறது யார். டென்ட் எந்தக் கலர் என்பதெல்லாம் கடைசி அத்தியாயம்.

இப்போ கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 25லிருந்து 45 லிட்டர் வரைக்கும் தண்ணி குடிக்கும். வெயில்ல நடந்தா அதுக்கு மேலேயும். நாலு குதிரைக்கு நாளைக்கு 160 லிட்டர்னு வெச்சுக்குங்க. கேன் தண்ணி வாங்கியே சமாளிச்சுடலாம்னு நினைக்கிறவங்க எட்டு கேனைத் தூக்கிப் பார்க்கலாம். தீவனம் உடம்பு எடையில் நூத்துக்கு ரெண்டு பங்காவது வேணும். 400 கிலோ குதிரைக்கு எட்டு கிலோ புல்லு, வைக்கோல். நாலுக்கு 32 கிலோ. அது போக ஊற வெச்ச கொள்ளு. குதிரைக்கு வயிறு சின்னது, அதனால கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்க மென்னுக்கிட்டே இருக்கணும். நாம மதியம் பிரியாணி கட்டற மாதிரி அதுக்கு ஒரே வேளையில் கொட்ட முடியாது. குதிரையால வாந்தி எடுக்கவும் முடியாது. வயித்துக்கு ஒத்துக்காததைத் தின்னா வலியில் உருண்டு புரளும், சில மணி நேரத்துல உயிரே போகலாம். பழகாத தீவனத்தைத் திடீர்னு மாத்தவே கூடாதுன்னு குதிரைக்காரர்கள் சொல்றது இதனாலதான்.

இன்னொரு விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியாது. நாற்கரச் சாலை நடுவுல அழகுக்கு வெச்சிருக்காங்களே அரளி, அது குதிரைக்கு விஷம். கொஞ்சம் இலை தின்னாலே போதும். மலையடிவாரத்துல புதர் புதரா மண்டிக் கிடக்கிற உண்ணிச்செடியும் ஆகாது. "அதோ பச்சையா இருக்கே, அங்க கட்டு" என்று கட்டிட்டுப் போய் செல்ஃபி எடுத்தீங்கன்னா திரும்பி வரும்போது குதிரை இருக்காது.

சாணி? ஒரு குதிரை நாளைக்கு 15லிருந்து 20 கிலோ போடும். நாலு குதிரை ரெண்டு ராத்திரி தங்கினா நூறு கிலோவைத் தாண்டும். அள்ளி எங்கே போடறதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

சட்டமும் ஒண்ணு ரெண்டு இருக்கு. பொதி சுமக்கிற விலங்குகளுக்கான 1965ஆம் வருஷத்து விதிகளில் மட்டக்குதிரை முதுகில் 70 கிலோவுக்கு மேல் ஏத்தக்கூடாதுன்னு இருக்கு. ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலயும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலயும் வேலை வாங்கக்கூடாது. 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற ஊரில் பகல் 12லிருந்து 3 வரைக்கும் வேலையே கூடாது. திருவண்ணாமலையில் பங்குனி பொறந்தாலே அந்த 37ஐப் பார்த்துடலாம். லாரியில் கொண்டு போறதுன்னா 1978ஆம் வருஷத்து விதி. கால்நடை மருத்துவர் சான்று வேணும். வண்டிக்கு நாலிலிருந்து ஆறு குதிரைதான். 35 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. பைபாஸில் குதிரை ஏத்தின மினி வேன் உங்களை எத்தனை தடவை ஓவர்டேக் பண்ணியிருக்குன்னு நீங்களே சொல்லுங்க. கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் இருக்கு, குதிரையிலிருந்து மனுஷனுக்கும் தொத்தும். அதுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணாத குதிரையை வாடகைக்கு எடுக்கிறது நமக்கும் ஆபத்து, அடுத்த ஊர்க் குதிரைக்கும் ஆபத்து.

"இவ்ளோ பார்த்தா எங்கேயும் போக முடியாது தல" என்று மேற்படி நண்பர் சலிச்சுக்கிட்டார். இந்தச் சலிப்புக்கு எழுநூறு வருஷ வரலாறு இருக்கு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு விஷயம் எழுதி வெச்சிருக்கார். இங்கே ராஜாக்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல் தாண்டி வரவழைக்கிறார்கள். வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சுவதில்லை. ஏன்னா பராமரிக்கத் தெரியவில்லை, லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லை. எண்ணிக்கையில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனா சங்கதி என்னமோ ரொம்ப பரிச்சயமா இல்லை? வாங்கறதுக்குக் காசு இருக்கு, வெச்சுப் பார்த்துக்கப் பொறுமை இல்லை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தில் மாணிக்கவாசகர் கோயில் கட்டினார்னு புராணம். அந்த மாணிக்கவாசகருக்கு நம்ம கிரிவலப் பாதையிலேயே அடி அண்ணாமலை பக்கம் கோயில் இருக்கு. குதிரைகள் நோக்கிலிருந்து பார்த்தா அவர் செஞ்சது நல்ல காரியம்தான்னு எனக்குத் தோணும் :-)

சரி, எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது? என் கருத்தைத் தெளிவாவே சொல்லிடறேன்.

காட்டுக்குள்ளே வேண்டாம். ஜவ்வாது மலைக் காடுகள் பெரும்பாலும் காப்புக்காடு, அனுமதி இல்லாம நுழைவதே குற்றம். 2018 மார்ச் 11ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குன்னு மாநில அரசு விதிமுறை கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்துவிட்டது, அதெல்லாம் வழிகாட்டியோடு நடந்து போகிறவங்களுக்கானது. அதில் குதிரையைக் கொண்டு போய், கேம்ப் ஃபயரும் போடுவேன்னு சொன்னா, அதுக்கு அனுமதி கொடுக்காத அதிகாரிதான் நல்ல அதிகாரி. தவிர திருவண்ணாமலையிலிருந்து ஜமுனாமரத்தூர் 60 கிலோமீட்டருக்குக் குறையாது, அதுவும் ஏத்தம். வாடகைக் குதிரைக்கு அது உல்லாசப் பயணம் இல்லை, தண்டனை.

அண்ணாமலையார் மலையடிவாரமும் வேண்டாம். 2024 டிசம்பர் 1ந் தேதி பெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் 7 பேர் உயிர் போச்சு. அந்த வருஷ தீபத்துக்கு மலையேறவே பக்தர்களை விடவில்லை. அந்த அடிவாரத்தில் மழைக்காலத்தில் கூடாரம் போடுவதைப் பத்திப் பேசவே கூடாது.

கிரிவலப் பாதை வேண்டவே வேண்டாம். 14 கிலோமீட்டர், பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம், பாதிப் பேர் வெறுங்காலோடு. "நடக்க முடியாதவங்களுக்குக் குதிரை விடலாமே" என்று எவராவது தொழில் யோசனையோடு வந்தா தயவு செஞ்சு அங்கேயே திருப்பி அனுப்பிடுங்க.

அப்போ எங்கேதான் போறது? செஞ்சிப் பக்கம் போகலாம். திருவண்ணாமலையிலிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், சமவெளி. குதிரைக்கும் அந்த ஊருக்கும் இருக்கிற சம்பந்தத்தை நான் சொல்லணுமா? 1714ல் ஆற்காட்டு நவாபோடு சண்டை போட்டுச் செத்த தேஜ் சிங்தான் நம்ம தேசிங்கு ராஜா. அவர் குதிரை பாராசாரி பேரு கூட நாட்டார் கதைப்பாட்டில் நிலைச்சுப் போச்சு. 1960ல் எம்.ஜி.ஆர். நடிச்சு 'ராஜா தேசிங்கு' படமும் வந்தது. கோட்டைக்குள் குதிரை லாயம் இன்னமும் நிக்குது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிச்சது. கோட்டைக்குள்ளே தங்க முடியாது, தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கு. ஆனா கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும் குதிரையில் போக யார் தடுக்கிறாங்க?

சாவகாசமா ரெண்டு நாள். நாளைக்கு 20 கிலோமீட்டர். பாதி வழியில் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் ஒரு ராத்திரி. நெடுஞ்சாலையை விட்டுட்டு கிராமத்துச் சாலை, வண்டிப்பாதை. தை பாதியிலிருந்து மாசி வரைக்கும்தான் சரியான காலம். மழை ஓய்ஞ்சிருக்கும், ஏரியில் தண்ணி இருக்கும், அறுவடை முடிஞ்சு புது வைக்கோல் கிடைக்கும், வெயில் ஏறியிருக்காது. விடிகாலை கிளம்பி பத்து மணிக்கெல்லாம் நிழலுக்கு வந்துடணும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல மிச்சத் தூரம்.

ராத்திரி தங்குகிற இடத்துக்குத்தான் நம்ம கிட்டயே ஒரு பழைய ஏற்பாடு இருக்கு. ஆட்டுக்கிடை. அறுவடை முடிஞ்ச வயலில் மந்தையை ராத்திரி அடைச்சு வைப்பாங்க. நிலத்துக்காரருக்கு எரு, கீதாரிக்கு கூலியோ நெல்லோ. தெற்கத்திக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கிட்டு மாவட்டம் விட்டு மாவட்டம் போய் மாசக்கணக்கில் இப்படித்தான் வெட்டவெளியில் தங்கறாங்க. அவங்க யாரும் இதுக்கு கேம்பிங்னு பேர் வைக்கலை. ஆனா ஒழுங்கு எல்லாம் அதில் இருக்கு. யார் நிலம்னு கேட்டு சம்மதம் வாங்கணும், தண்ணி இருக்கிற இடமா பார்க்கணும், காலையில் கிளம்பும்போது அந்த நிலம் முந்தின நாளை விட நல்லா இருக்கணும். இதைவிடப் பெரிய சுற்றுலா தத்துவம் எவனும் சொல்லிட முடியாது.

குதிரையோடு தங்குறதையும் ஒரு கிடையாவே நினைச்சா பாதிப் பிரச்சினை தீர்ந்துடும். ஒரு விவசாயியிடம் முன்கூட்டியே பேசுங்க. அவர் கிணத்துத் தண்ணி, அவர் வைக்கோல் ரெண்டுக்கும் காசு கொடுங்க. சாணியை அள்ளி அவர் எருக்குழியில் போடுங்க. அப்படியே வயலில் விட்டா களை முளைக்கும், மட்கினா தங்கம். குதிரையைத் தனி மரத்தில் கட்டாதீங்க, சுத்திச் சுத்திக் கயிறு சுருங்கும், பட்டையையும் கடிக்கும். ரெண்டு மரத்துக்கு நடுவே குதிரைத் தலைக்கு மேல் உயரமாக ஒரு கயிறு இழுத்துக் கட்டி, அதிலிருந்து கட்டினா கால் மாட்டாது, மரமும் பிழைக்கும். ரெண்டு குதிரைக்கு நடுவே உதைக்க எட்டாத இடைவெளி விடணும். ராத்திரி முறை வெச்சு ஒருத்தர் முழிச்சிருக்கணும்.

எல்லாத்தையும் விட முக்கியம், குதிரைக்காரரையும் கூட அழைச்சுட்டுப் போங்க. அவர் உங்க வேலைக்காரர் இல்லை, இந்தப் பயணத்தின் தலைவரே அவர்தான். "இன்னிக்கு இது நடக்காது சார், கால் வீங்கியிருக்கு" என்று அவர் சொன்னா அன்னிக்குப் பயணம் இல்லை. அவருக்கு நாள் கூலி, சாப்பாடு, குதிரைக்கு ஓய்வு நாள் கூலியும் சேர்த்துத்தான் பேசணும். ஓய்வு நாளுக்குக் காசு கொடுக்காதவன்தான் நொண்டுற குதிரையை ஓட்டச் சொல்லுவான்.

இதுக்கு ரெண்டு ஆட்சேபம் வரும். "பணக்காரன் பொழுதுபோக்குக்கு எதுக்குய்யா இவ்ளோ பெரிய பதிவு" என்பது முதல் ஆட்சேபம். நியாயம்தான். ஆனா தண்ணீர்த்தொட்டியும் நிழலும் பணக்காரனுக்கு மட்டும் வேணுங்கிறதில்லை. சந்தைக்கு வருகிற அந்த ஆரணிப் பெரியவருக்கும், மாடு ஓட்டி வருகிறவருக்கும், கீதாரிக்கும் அதேதான் வேணும். அந்தக் காலத்தில் சாலையோரம் சுமைதாங்கிக் கல்லும், கல்தொட்டியும், சாவடியும் வெச்சவங்க வருகிறவன் ராஜாவா கூலியான்னு கேட்டா வெச்சாங்க?

ரெண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. "நீ நல்லெண்ணத்தில் ஆரம்பிப்பே, நாளைக்கு ரிசார்ட்காரன் நாற்பது குதிரையை இறக்குவான், சீசன் முடிஞ்சா ரோட்டுல விட்டுடுவான்." இது கற்பனை இல்லை. ஊட்டியில் சுற்றுலாக் குதிரைகள் ரோட்டிலும் குப்பைமேட்டிலும் திரிகிறதைப் போனவங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. எனக்கும் இந்தப் பயம் உண்டு. அதனாலதான் மணிக்கு இத்தனை ரூபாய் சவாரி என்கிற முறையே கூடாதுன்னு சொல்றேன். சொந்தக்காரர் பேரில் பதிவு, மருத்துவப் பரிசோதனை, ஒரு குதிரைக்கு வருஷம் முழுக்க லாயம் இருக்குன்னு காட்டினால்தான் அனுமதி. இது இல்லாம சுற்றுலான்னு ஆரம்பிக்கிறதா இருந்தா ஆரம்பிக்காமலே இருக்கலாம்.

அரசாங்கத்திடமும் ஊராட்சிகளிடமும் கேட்கணும்னா நான் இந்த வரிசையில் கேட்பேன். முதலாவது, தீபச் சந்தை நடக்கிற இடத்தில் நிரந்தரமாகத் தண்ணீர்த்தொட்டி, நிழலுக்குக் கொட்டகை, வெளிச்சம், குதிரையோடு வருகிற மனுஷங்களுக்குக் கழிப்பறை. சந்தை நடக்கிற நாள் முழுக்க ஒரு கால்நடை மருத்துவர். ரெண்டாவது, திருவண்ணாமலை-செஞ்சி வழியில் ஏதாவது ஒரு ஏரிக்கரைப் பக்கம், தண்ணியைக் கெடுக்காத தூரத்தில், கால்நடையோடு வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்க ஒரே ஒரு இடம். மூணாவது, அதுக்கு யாரைக் கேக்கணும்னு தெளிவு. இப்போ நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரின்னா நீர்வளத்துறை, அதுக்குக் கீழேன்னா ஊராட்சி ஒன்றியம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஊருக்குள்ளே ஒரு பலகை வெச்சா குறைஞ்சா போயிடும்?

இதில் முதலாவது நடக்காம ரெண்டாவதை நான் கேக்க மாட்டேன். வருஷா வருஷம் நம்ம ஊருக்கு வந்து, கொட்டுற கார்த்திகை மழையில் குதிரைக்குத் தார்ப்பாயைப் போர்த்திட்டுத் தான் நனைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு தொட்டி தண்ணி வைக்கலை நாம. அதுக்குள்ளே வாரக்கடைசிக்காரனுக்கு கேம்ப்சைட் கட்டினா அது அண்ணாமலையாருக்கே அடுக்காது.

டிஸ்கி: நான் கால்நடை மருத்துவர் இல்லை. குதிரையோடு கிளம்புமுன் நிஜ மருத்துவரைப் பாருங்க, ரண ஜன்னி ஊசி உங்களுக்கும் குதிரைக்கும் போட்டாச்சான்னு கேளுங்க. அந்தியூர் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா, அங்கே சந்தையில் தண்ணிக்கும் நிழலுக்கும் என்ன ஏற்பாடுன்னு எழுதுங்களேன். நம்ம ஊர்ல கேக்கறதுக்கு ஒரு முன்னுதாரணமாவது கிடைக்கும்.